ஒட்டாத சட்டியும் ஓட்டுகிற மனைவியும்

ஒரு கொலை செய்வதென்று முடிவெடுத்தேன்.

பதறாதீர்கள். ஆளை இல்லை. சட்டியை. கறுப்பு நிறம், நீளமான கைப்பிடி, பெயர் நான்ஸ்டிக். எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து என் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. அதைத் தீர்த்துக்கட்டினால்தான் நான் தூங்க முடியும் என்கிற நிலைமை வந்துவிட்டது. அதுவும் விபத்து மாதிரி தெரிய வேண்டும். "ஐயையோ, இப்படி ஆயிடுச்சே!" என்று நான் நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். எனக்குக் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. நான் வேலை பார்ப்பதே மூக்குக்கண்ணாடிக் கடையில்.

ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டால் நீங்களும் என் பக்கம்தான் நிற்பீர்கள்.

என் மனைவி பஸ் டிரைவர். புதிதாகச் சேர்ந்தவள். நகரத்தின் முதல் பஸ் அவளுடையது. ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது அவள் டிப்போவிலிருந்து வண்டியைக் கிளப்ப வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வண்டியைத்தான் கொடுப்பார்கள். அது வேண்டாமென்றால் வேறு வண்டி காலி இல்லை, வீட்டுக்குப் போகலாம். அவளுக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: "வெறும் வயித்தோட ஸ்டியரிங்கைத் தொடாதம்மா."

எனக்கு வினை ஆரம்பித்தது அங்கேதான்.

"ஏங்க, நான் குளிச்சுக் கிளம்பறதுக்குள்ள ரெண்டு முட்டை, ரெண்டு ரொட்டி. போட்டுத் தருவீங்களா?"

"இவ்வளவுதானா? தாராளமா!" என்றேன்.

அவள் கேட்டது சாயங்காலம். சாயங்காலத்தில் யார் எதைக் கேட்டாலும் தாராளமாகத் தரலாம். விடியாத நேரத்தில் அடுப்பு முன்னால் நின்று பார்த்தால்தான் அந்தத் தாராளத்தின் கனம் தெரியும். எங்கள் வீட்டில் இருந்தது பழைய இரும்புச் சட்டி. நான் தீயை முழுசாகத் திறந்து வைப்பேன். முட்டையை உடைத்து ஊற்றுவேன். அப்புறம் சுவரில் சாய்ந்து, நின்றபடியே ஒரு குட்டித் தூக்கம். விழித்துப் பார்த்தால் புகை.

"என்னங்க இது?"

"முட்டை."

"முட்டை எங்கே?"

"சட்டியில. வர மாட்டேங்குது. ரெண்டுக்கும் அப்படி ஒரு ஒட்டுறவு."

"சுரண்டியாவது எடுங்க, நேரமாச்சு."

"சுரண்டினா சட்டிதான் வருது, முட்டை வரல. இரும்புச் சட்டி எனக்கு ஒத்துவரலம்மா. ஒட்டுது."

அவள் வெறும் ரொட்டியை மென்றுகொண்டே ஓடுவாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சங்கடம் தலையணை வரைக்கும்தான் தாங்கியது. சட்டி ஒட்டுகிறது, நான் என்ன செய்ய முடியும்? நல்ல காரணம். உறுதியான காரணம். எத்தனை நாள் வேண்டுமானாலும் தாங்கும் என்று நினைத்தேன்.

முதல் சம்பளம் வாங்கியதும் என் மனைவி ஒரு பெட்டியோடு வந்தாள். பிரித்தாள். மேசை மேல் வைத்தாள். மினுமினுவென்று உட்கார்ந்திருந்தது.

"ஒட்டுதுன்னுதானே சொன்னீங்க? இது ஒட்டாது."

"ஒட்டவே ஒட்டாதா?"

"நீங்களே ஒட்ட வெச்சாலும் ஒட்டாது. மேல பூச்சு போட்டிருக்கு." அப்புறம் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: "இதுவும் ஒத்துவரலைன்னா சொல்லிடுங்க. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

வேற ஏற்பாடு! என் காதில் தேன் பாய்ந்தது. டிப்போ கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்வாள். இல்லையென்றால் ராத்திரியே எதையாவது செய்து டப்பாவில் போட்டுக்கொள்வாள். எப்படியோ, நான் போர்வைக்குள் இருப்பேன். நடுவில் நிற்பது இந்தச் சட்டி ஒன்றுதான். ஓட்டுகிறவள் அவள், ஒட்டாதது சட்டி, தூக்கத்தில் ஓட்டாண்டியானது நான். அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன். சட்டி சாக வேண்டும்.

எதிர்வீட்டில் ஒரு அண்ணன் இருக்கிறார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீட்டு முன்பக்கத்திலேயே பட்டறை. கெட்டுப்போன பொருட்களோடு பழகிப் பழகி எதை எப்படிக் கெடுக்கலாம் என்பதும் அவருக்கு அத்துபடி. நேராக அவரிடம் போனேன்.

"நான்ஸ்டிக்கா? தம்பி, அது சும்மா ஒரு தோலு. தோல் போனா ஆள் காலி."

"எப்படிண்ணே போகும்?"

"எப்படிப் போகாதுன்னு கேளு. எண்ணெய் ஊத்தாம, வெறும் சட்டியைப் பெரிய தீயில காய விடு. ஸ்டீல் கரண்டியால நல்லாக் கிளறு. சூடு ஆறறதுக்கு முன்னாடி பச்சைத் தண்ணியைக் கொட்டு. கம்பி நார் போட்டுத் தேய். கழுவினதும் ஈரத்தோட அடுக்கி, தலை மேல இரும்புச் சட்டியைத் தூக்கி வை. அப்புறம் நீ பொரிக்கற முட்டையில கறுப்பு கறுப்பா உதிரும். மிளகுன்னு நெனச்சுத் திங்கலாம்."

"எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சிருக்கீங்களே!"

"எங்க வீட்ல ஒண்ணு அப்படித்தான் போச்சு. உங்க அண்ணி ஒரு மாசம் எங்கிட்டப் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் பேசினா. அந்த மாசமே தேவலைன்னு ஆயிடுச்சு."

மறுநாள் விடியலில் களத்தில் இறங்கினேன். மனைவி குளிக்கப் போனாள். நான் வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றி, தீயை முழுசாகத் திறந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி முன்னறைக்கு வந்து சோபாவில் சாய்ந்தேன். சட்டி உள்ளே தனியாக வேகட்டும். கொஞ்ச நேரம் கழித்து 'அடடா, மறந்தே போயிட்டேனே' என்று அலறுவதற்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு போனால், தீ நீலமாக, சின்னதாக, பவ்யமாக எரிந்துகொண்டிருக்கிறது. சட்டியில் நாலு சொட்டு எண்ணெய் பரவி நிற்கிறது.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தி குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. வாளியில் குழாயைத் திறந்துவிட்டாலும் அதே சத்தம்தான் கேட்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"பரவால்லையே! தீயைச் சின்னதா வெச்சிருக்கீங்க. எண்ணெயும் அளவா ஊத்தியிருக்கீங்க. யாருங்க சொல்லிக் குடுத்தா?"

"எல்லாம் நானேதான்" என்றேன். வேறு என்ன சொல்வது? பாராட்டு வந்தால் திருப்பியா அனுப்ப முடியும்? அன்றைக்கு முட்டை வழுக்கிக்கொண்டு தட்டில் வந்து விழுந்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்தது ஸ்டீல் கரண்டி. இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு மரக் கரண்டி படுத்திருந்தது.

"இந்தாம்மா, கரண்டியெல்லாம் எங்கே?"

"எதிர்வீட்டு அக்கா கேட்டாங்கன்னு குடுத்தேன். விருந்தாளி வர்றாங்களாம்."

"எல்லாத்தையுமா?"

"எத்தனை விருந்தாளின்னு எப்படிக் கேக்கறது? நல்லாவா இருக்கும்?"

"கத்தி?"

"அதுவும்தான்."

"டீ ஸ்பூனாவது இருக்கா?"

"டீ கலக்கறதுக்கா? டம்ளரை நல்லா ஆட்டுங்க, தானா கலங்கும்."

எதிர்வீட்டை எட்டிப் பார்த்தேன். விருந்தாளியாக ஒரு பூனைகூட வரவில்லை. அண்ணன் மட்டும் பட்டறையில் உட்கார்ந்து டீயை அழகாக ஸ்பூன் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். அது எங்கள் வீட்டு ஸ்பூன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மரக் கரண்டியை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

மிச்சமிருந்தது கம்பி நார். கடையில் வாங்கி, சாப்பாட்டுப் பையின் அடியில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாட்டினால் கம்பி எண்ண வேண்டியதுதான். மறுநாள் முட்டையைச் சாப்பிட்டுவிட்டு அவள் கிளம்பினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வீட்டில் நானும் சட்டியும் மட்டும். தடுக்க யாரும் இல்லை, சாட்சி யாரும் இல்லை. சூட்டோடு சூடாகக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். இடது கையில் சட்டி, வலது கையில் கம்பி நார்.

கை போகவில்லை.

நான் சொல்வதை நம்புங்கள். சட்டிக்கு ஒரு விரற்கடை மேலே போய்க் கை நின்றுவிட்டது. பதினெட்டு வருஷமாகப் பூச்சு போட்ட கண்ணாடியைத் துடைக்கிற கை அது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறேன்: "இது கூசாத கண்ணாடி சார், மேல பூச்சு இருக்கு. சட்டையால துடைக்காதீங்க. சொரசொரப்பா எதுவும் படக் கூடாது. சூட்டுல வைக்காதீங்க. மெதுவாக் கழுவி, மெத்துன்னு ஒரு துணியால ஒத்தி எடுத்து, துணி சுத்தி வைங்க." வாய் சொல்லிச் சொல்லிக் கைக்கு அது வேதமாகிவிட்டது. என் சொந்தக் கை, நான் சொன்ன பேச்சைக் கேட்காமல், நான் மற்றவர்களுக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது.

"தேய்!" என்றேன் கையைப் பார்த்து. தேய்க்கவில்லை. கம்பி நாரைக் கீழே வைத்தது. சட்டி ஆறுகிற வரைக்கும் காத்திருந்தது. ஸ்பாஞ்சில் சோப்பைத் தொட்டு வட்ட வட்டமாகத் தடவிக் கழுவியது. கடையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் துணியால் ஒத்தி எடுத்தது. இது போதாதென்று, நான் குனிந்து சட்டிக்குள் 'ஹா' என்று ஊதி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கீறல் ஏதாவது இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். இல்லை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது! கொலைகாரனுக்கு வரக்கூடிய நிம்மதியா இது? அலமாரியில் இரும்புச் சட்டிக்கும் அதற்கும் நடுவில் அந்த மஞ்சள் துணியை மடித்து வைத்துவிட்டு, என்னையே திட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இனி இது நம்மால் ஆகிற காரியம் இல்லை. வெளியாள் வேண்டும்.

"அண்ணே, நீங்கதான் முடிக்கணும்."

"நானா?" என்று இழுத்தார். தெருவைப் பார்த்தார். தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். "பழி?"

"நான் உங்களுக்கு இரவல் குடுத்தேன், நீங்க கெடுத்துட்டீங்க. அப்படிச் சொல்லிடறேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன தம்பி, என் பேரு ஏற்கனவே அந்த லட்சணம்தான். காலையில உன் வீட்டம்மா போனதும் கொண்டுவந்து குடுத்துடு."

மறுநாள் காலையில் சட்டியைப் பையில் போட்டு அவரிடம் ஒப்படைத்தேன். ஒப்படைக்கும்போது, "மேல எதையும் வெச்சுடாதீங்கண்ணே" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அசடு வழிந்துகொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

அங்கே அண்ணி நின்றுகொண்டிருந்தார். மெக்கானிக் அண்ணனின் மனைவி. நல்ல மனுஷி, ஆனால் மனசில் எதையும் பூட்டி வைக்கத் தெரியாதவர்.

"தம்பி, உன் வீட்டம்மாவை நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

"ஏன் அண்ணி? நல்லாத்தானே இருக்கா."

"இந்தச் சட்டியும் உனக்கு ஒத்துவரலைன்னா வண்டியை ஒப்படைச்சுடப் போறாளாமே."

"எந்த வண்டியை?"

"அவ எத்தனை வண்டி வெச்சிருக்கா? பஸ்ஸைத்தான். வெறும் வயித்தோட ஓட்டிப் பாத்தாளாம், ஒரு நாள் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சாம். இத்தனை பேரை ஏத்திக்கிட்டு அப்படி ஓட்டறது தப்புன்னு அழுதா. வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்னு சொன்னாளாமே உங்கிட்ட? வேலையை விடறதுதான் தம்பி அந்த வேற ஏற்பாடு."

நான் கேன்டீன் என்று நினைத்தேன். டப்பா என்று நினைத்தேன். என் வசதிக்கு எது எது தோதோ அதையெல்லாம் நினைத்தேன். அவள் அழுதாள் என்கிறார். வெறும் ரொட்டியை மென்றுகொண்டு ஓடினாளே, அந்த நாட்களில்தான் அழுதிருப்பாள். நான் அப்போது போர்வைக்குள் இருந்தேன்.

பஸ் வந்தது. அவளுடைய பஸ். விடியலிலிருந்து சுற்றி வருகிற அதே வண்டி. முதல் முறையாக அதில் ஏறினேன். இதுவரை ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அடுத்த வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தேன். மனைவி ஓட்ட, புருஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கூச்சம். நாலு பேரும் ஒன்றும் நினைக்கவில்லை. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நீலச் சீருடை. முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். நான் பொருத்திக் கொடுத்த கண்ணாடி மூக்கில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தடியை ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் ஏறினார். அவர் இடம் பார்த்து உட்காருகிற வரைக்கும் வண்டியை நகர்த்தவில்லை. பின்னால் கார்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அவள் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. கண்ணாடியில் பார்த்து, அவர் உட்கார்ந்ததும்தான் கியரைத் தொட்டாள். அப்புறம் மார்க்கெட் முனையில் அந்தக் குறுகலான திருப்பம். நான் சைக்கிளில் போனாலே இறங்கித் தள்ளுகிற இடம். இவ்வளவு பெரிய வண்டியை இப்படி ஒடித்து, அப்படி விட்டு, ஒரு பழக்கூடைகூட அசையாமல் திருப்பினாள். வீட்டில் நான் பார்க்கிற ஆளா இவள் என்று இருந்தது.

"வாசல்ல நிக்காதீங்க சார், உள்ளே போங்க" என்றாள்.

என்னைத்தான். என் மனைவி என்னை 'சார்' என்கிறாள். நான் உள்ளே போனேன். பெருமையாக இருந்தது. கூடவே, இவளிடமிருந்து இந்த வண்டியைப் பிடுங்கப் பார்த்தேனே என்று அழுகையும் வந்தது. கண்ணாடி மங்கியது. கழற்றிச் சட்டையால் துடைத்தேன். பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு கண்ணாடியைச் சட்டையால் துடைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நிறுத்தத்தில் குதித்தேன். ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்கு வந்தேன்.

"அண்ணே! வேண்டாம்ணே! தொடாதீங்க!"

அவர் பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றை நீட்டினார். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா தம்பி?"

பிரித்தேன். உள்ளே கீறலாகக் கிடந்தது. நடுவில் தோல் உரிந்து உலோகம் பல்லைக் காட்டியது. ஓரமெல்லாம் காய்ந்து வெளுத்திருந்தது.

"சுத்தமா முடிச்சிருக்கேன் பாத்தியா?"

"இப்படியாண்ணே பண்ணுவீங்க, இரக்கமில்லாம!"

"இது நல்லா இருக்கே! கொல்லச் சொன்னதும் நீ, கொள்ளி வைக்க வந்து அழறதும் நீயா?"

பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். அதே கறுப்பில், அதே கைப்பிடியில் ஒன்று கிடைத்தால் சத்தம் போடாமல் அலமாரியில் வைத்துவிடலாம். எங்கே பார்த்தாலும் சிவப்பு. "கறுப்பு அடுத்த வாரம் வரும்" என்றார்கள். அடுத்த வாரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நாளைக்கு விடியலில் முட்டை வேண்டும்.

மறுநாள் அவளுக்கு முன்னால் நான் எழுந்தேன். அலாரம் என்னைப் பார்த்து அதிர்ந்துபோயிருக்கும். அந்தப் பழைய இரும்புச் சட்டியை எடுத்தேன். "ஐயா, இன்னிக்கு ஒரு நாள் மானத்தைக் காப்பாத்து" என்று அதனிடம் வாய்விட்டே கெஞ்சினேன். தீயைச் சின்னதாக வைத்தேன். சட்டி பதமாகக் காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். சாயவில்லை, தூங்கவில்லை. எண்ணெயைக் கொஞ்சம் கூடவே ஊற்றி, சட்டியைச் சாய்த்துச் சாய்த்து எல்லா இடத்திலும் ஓடவிட்டேன். முட்டையை மெதுவாக இறக்கினேன். அதை அவசரப்படுத்தவில்லை. ஓரம் தானாக எழும்பியதும் மரக் கரண்டியால் லேசாக ஒரு தட்டு.

வழுக்கிக்கொண்டு வந்தது! இரும்புச் சட்டியில்! எனக்கு ஆடலாம் போல இருந்தது.

அவள் சீருடையோடு வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டாள்.

"இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்குங்க." அடுப்பைப் பார்த்தாள். "என்னது, இரும்புச் சட்டியா?"

பூசி மெழுகலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். முடியவில்லை.

"அந்தச் சட்டி போச்சும்மா. தப்பு என்மேலதான். ஆனா நீ வண்டியை விட்டுடாதே. நேத்து நீ அந்தத் திருப்பத்துல வண்டியைத் திருப்பினதைப் பாத்தேன். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரல. நான் எதுல வேணாலும் போட்டுத் தரேன்."

"எதுல வேணாலுமா?"

"எதுல வேணாலும்."

"தினமுமா?"

"நீ ஓட்டற வரைக்கும் தினமும்."

தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தாள். எழுந்து படுக்கையறைக்குப் போனாள். துணி பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மஞ்சள் துணியில் சுற்றிய எதையோ கொண்டுவந்து மேசை மேல் வைத்துப் பிரித்தாள். கறுப்பாக, மினுமினுவென்று, ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அதே சட்டிதான்.

"அப்போ அந்தப் பொட்டலம்?"

"அது அக்கா வீட்டுப் பழைய சட்டி. அண்ணன் எப்பவோ தீய்ச்சது."

"அண்ணனுமா கூட்டு?"

"நீங்க முதல் நாள் யோசனை கேட்டுட்டு வந்தீங்களே, அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுலயே அக்காகிட்ட எல்லாத்தையும் கக்கிட்டார். காலிச் சட்டி, ஸ்டீல் கரண்டி, கம்பி நாரு, ஒண்ணு விடாம."

"வேலையை விடறேன்னதும் நாடகமா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி, பெட்டியிலிருந்து துணியை எடுத்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே துடைத்தாள்.

"முதல்ல நிஜம்தான். நீங்க முட்டையைக் கரியாக்கின நாள்ல எல்லாம், எழுதிக் குடுத்துட்டு வந்துடலாமான்னு இருந்துச்சு. அக்காகிட்ட அழுததும் நிஜம். அப்புறம் யோசிச்சேன். இந்த மனுஷன் முட்டையைத் தீய்ப்பார், ரொட்டியைத் தீய்ப்பார், பூச்சு போட்ட எதையும் கெடுக்க மட்டும் கை வராது. அதான் தேடிப் பிடிச்சு இதை வாங்கினேன். நடுவுல மஞ்சத் துணி மடிச்சு வெச்சிருந்தீங்க பாருங்க, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, நான் வண்டியை விட வேண்டியதில்லைன்னு."

வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சரி, வருத்தம் தீர்ந்தது, சட்டியும் பிழைத்தது, நாளையிலிருந்து சுலபமாக முட்டை போடலாம் என்று அதைத் தூக்கக் கையை நீட்டினேன். அவள் மறுபடியும் துணியைச் சுற்றி, பைக்குள் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்கே கொண்டுபோறே?"

"எதிர்வீட்டுக்கு. அக்காவுக்கு நம்ம வண்டியிலேயே கண்டக்டர் வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து அண்ணன்தான் அங்கே முட்டை போடணும். அவருக்கு ஒட்டாத சட்டி இல்லாம ஆகாதாம்."

"அப்போ எனக்கு?"

"உங்களுக்கு எதுக்குங்க? உங்களுக்குத்தான் இரும்பே ஒட்டலையே!"

வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் எந்தக் காலத்திலும் ஈடு கொடுத்ததில்லை.

"ஏங்க, அண்ணனுக்குத் தீ வைக்கவே தெரியாதாம். நீங்கதான் கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்."

"குடுக்கறேன், குடுக்கறேன். எப்போ?"

"ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு எனக்கு லீவு. நான் நல்லாத் தூங்குவேன், நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாப் பழகலாம்."

"எத்தனை மணிக்கு வரச் சொல்ல?"

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருக்கணுமோ, அதே மணிக்குத்தான்."